அரூரானை வீடு சேர்த்தவர்களுக்கு



உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்தவர்களுக்கும் இப்போது எந்த முகவரிக்கு எழுதுவது? துபாயில் கேம்ப் மாறியிருப்பீர்கள், விசா முடிந்து ஊர் திரும்பியிருப்பீர்கள், கத்தாருக்கோ சவூதிக்கோ போயிருப்பீர்கள். அதனால் உறையை ஒட்டாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன். தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஊரிலிருந்து சேதி வந்தால் அறையே கேட்பதுதானே நம் வழக்கம்.

அரூருக்குப் போய் வந்தேன். நம் அரூரான் வீட்டில் தங்கி, அவனைப் புதைத்த இடத்தில் நின்று, வீட்டார் எல்லோரோடும் பேசி வந்தேன். கிளம்பும்போது அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "எம்புள்ளய அவ்ளோ தூரத்துலருந்து கொண்டாந்து சேத்தாங்களே, அவங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது சாமி. அவங்களுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி நான் குடுக்கல. நல்லா இருக்கணும்னு அம்மா சொல்லுச்சுன்னு சொல்லிடு."

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவன் இறந்ததெல்லாம் நான் விசா முடிந்து மன்னார்குடிக்குத் திரும்பிய பிறகு நடந்தது. அவன் பக்கத்தில் இருக்க எனக்கு வாய்க்கவில்லை, நீங்கள் இருந்தீர்கள். என் நன்றியும் அந்த அம்மாவின் வார்த்தையோடு சேர்ந்தே வருகிறது.

சோனாப்பூர் கேம்பில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெலுங்குக்காரர்களுக்கு 'அரூர் அண்ணா', பீகார் பையன்களுக்கு 'அரூர் பாய்', நமக்கு அரூரான். சேலத்திலிருந்து வாணியம்பாடி போகும் சாலையில், தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் ஒரு தாலுகா ஊரின் பெயர், நேபாளத்துச் சமையல்காரருக்கும் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பஸ் டிரைவருக்கும் தெரிந்திருந்தது அவனால்தான். தீர்த்தமலையைப் பற்றி, மேலே பாறையிலிருந்து சொட்டும் ராமர் தீர்த்தத்தைப் பற்றி, அவன் சொல்லிச் சொல்லி நாமெல்லாம் அங்கே போய்க் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

அவன் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வது உங்களுக்கு நினைவிருக்கும். பல்லில் இருந்த பழுப்புக் கறைதான் காரணம். பான் பராக் போடுவான் என்று புதிதாக வந்த ஒருவர் நினைத்துக்கொண்டதும், அவன் பொறுமையாக விளக்கியதும்கூட நினைவிருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நிலைப்பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லின் மேற்பூச்சு கெட்டுக் கறை நின்றுவிடும். முற்றினால் எலும்பும் மூட்டும் கெடும். காவிரித் தண்ணீரை அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013இல்தான். அவன் அதற்கு வெகுகாலம் முன்பே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்து முடித்தவன்.

அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியதும் தண்ணீர்தான். மரவள்ளியும் மஞ்சளும் போட்ட நிலம். கிணறு வற்றி, போர் போட்டார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போயும் புழுதிதான் வந்தது. இன்னொன்று போட்டார்கள். கடன் இரண்டு போருக்கும் சேர்ந்து நின்றது. அந்தப் பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போகிற இடம் பெங்களூரும் திருப்பூரும் கேரளாவும். அவன் பத்தாவது தாண்டாதவன். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். ஷட்டரிங் வேலை கையில் இருந்தது. இவனோ துபாய் வந்தான்.

அவன் இறந்த விடியற்காலையைப் பற்றி நீங்கள் போனில் சொன்னதையும், அவன் மச்சான் சொன்னதையும் சேர்த்துத்தான் எனக்குத் தெரியும். நாலு மணிக்கு அவன் போன் அலாரம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேல்கட்டிலில் இருந்த கரீம்நகர் அண்ணா இறங்கி வந்து எழுப்பியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார், கை ஓய்ந்தபோது நேபாளத்து அண்ணன் மாற்றிக்கொண்டார் என்றார்கள். அண்ணா, அவன் மனைவி இதைக் கேட்டார். "அப்பவே விட்டுட்டாங்களா, பாத்தாங்களா?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார். நீங்கள் விடவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினார். அந்தப் பெண் இத்தனை மாதம் சுமந்திருந்த கேள்வி அது. பதில் சொல்லும்படி நடந்துகொண்டதற்கு உங்கள் இருவருக்கும் நன்றி.

அதற்கு அடுத்து நீங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். சேதியை யாரும் நேராக அவன் மனைவிக்குச் சொல்லவில்லை. மச்சானைப் பிடித்தீர்கள். அவர் ஊத்தங்கரையில் வேலைக்குப் போயிருந்தார். அவர் வீடு வந்து சேரும்வரை, அவன் போனில் வீட்டு அழைப்பு வந்துகொண்டே இருந்தும், "வேலைக்குப் போயிட்டான், போன ரூம்ல வெச்சிட்டான்" என்று உங்களில் ஒருவர் சமாளித்தார். அப்படிப் பேசியவருக்கு அந்த நேரம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதோடு, உங்களில் ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை. அவன் இறந்து கிடந்த கோலத்தில் ஒரு படமும் எந்தக் குழுவிலும் வரவில்லை. இந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, வேறு குடும்பங்களில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் மகள் கையில் இருக்கும் போனில் அப்பா சிரிக்கிற படங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

இக்கா, அவனை ஊர் அனுப்பும் காகித வேலைக்கெல்லாம் அலைந்தவர் நீங்கள், உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும். உங்களை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், வேறு ஒருவரின் உடலுக்காகக் கேம்புக்கு வந்திருந்தீர்கள். ஒரு மனிதர் அங்கே இறந்துபோனால் என்னென்ன ஆக வேண்டும் என்று அரூரில் அவன் அப்பா என்னைக் கேட்டார். சொன்னேன். முதலில் போலீஸ், பிணவறை, இறப்புக்கான காரணத்தை எழுதும் மருத்துவர். பிறகு போலீஸின் ஆட்சேபணை இல்லாக் கடிதம். சுகாதாரத் துறையில் இறப்புச் சான்றிதழ். கம்பெனியில் விசா ரத்து. ஊரிலிருந்து குடும்பத்தின் சம்மதக் கடிதம். இந்தியத் துணைத் தூதரகத்தில் இறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, உடலை எடுத்துப்போகத் தடையில்லை என்ற சான்று. துபாயின் முகைஸ்னாவில் எம்பாமிங், அதற்கொரு சான்று. பெட்டி. விமானத்தில் கார்கோ இடம். ஒன்று தவறினால் அடுத்தது நகராது. வார விடுமுறையோ பண்டிகையோ குறுக்கே வந்தால் எல்லாமே நிற்கும். "இத்தனையும் அவரு எதுக்குப்பா செய்யணும்?" என்று கேட்டார் அவர். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் கடையை அன்று காலையில் யார் திறந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

உங்களைப் போன்றவர்கள் வளைகுடா முழுக்க இருக்கிறீர்கள். அஜ்மானில் இருக்கும் அஷ்ரப் தாமரசேரியின் பெயர் வெளியே தெரிந்தது. ஆயிரக்கணக்கான உடல்களை ஊர் அனுப்பிவைத்த அந்த மனிதருக்கு 2015இல் பிரவாசி பாரதிய சம்மான் விருது கிடைத்தது. பெரும்பாலோரின் பெயர் தெரிவதில்லை. ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் உடலைத் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று சரக்குக் கூலி வாங்கின. அது மனிதருக்குச் செய்யும் அவமதிப்பு என்று நீங்களெல்லாம் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். 2019 ஜனவரியில் ஏர் இந்தியா எடை போடுவதை விட்டு, ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹாம், சிறுவர்களுக்கு அதில் பாதி என்று ஒரே கட்டணமாக்கியது. நம் அரூரான் தராசில் ஏறாமல் வந்தான். அதற்கும் நன்றி சொல்ல இடம் இருக்கிறது.

கம்பெனி முதலில் கையை விரித்ததாகவும், நீங்கள் சட்டத்தை எடுத்து மேசையில் வைத்ததாகவும் கேள்விப்பட்டேன். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டத்தின்படி, குடும்பம் கேட்டால் தொழிலாளியின் உடலைத் தயார்செய்து சொந்த நாட்டுக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. இது எழுதப்பட்ட உரிமை. ஆனாலும் இறந்தவன் வந்து கேட்க முடியாது, அரூரில் இருக்கும் குடும்பத்துக்கு அப்படி ஒரு வரி இருப்பது தெரியாது. தெரிந்த ஒருவர் அந்த அலுவலகத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். கம்பெனி கட்டியது.

ஊர் வந்து சேராதவர்களைப் பற்றியும் அரூரில் தங்கிய இரவு அவன் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தேன். 2020 ஏப்ரலில் அபுதாபியிலிருந்து டில்லி வந்த மூன்று இந்தியர்களின் உடல்கள் இறக்கப்படாமல் அதே விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட செய்தியை நாம் கேம்பில் உட்கார்ந்து கேட்டோம். அந்த வருடம் கொரோனா தொற்றில் இறந்தவர்களுக்கு அங்கேயே அடக்கம், அங்கேயே தகனம். வீட்டார் போனில் பார்த்தார்கள். ஈராக்கின் மோசுலில் 2014இல் கடத்திக் கொல்லப்பட்ட கட்டடத் தொழிலாளர்களின் உடல் எச்சங்கள் 2018 ஏப்ரலில்தான் நாடு வந்தன. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது மட்டும் இரண்டே நாளில் விமானப் படை விமானம் 45 உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். நாடே பார்த்துக்கொண்டிருந்த துயரம் அது. ஒரு கட்டிலில், ஒரு விடியற்காலையில், தனியாக இறக்கிறவனுக்கு எந்த விமானமும் தனியாக வராது. வளைகுடாவில் ஆண்டுதோறும் இறக்கும் ஆயிரக்கணக்கான இந்தியர்களில் பலர் இப்படித்தான் இறக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள்தான்.

பெட்டியோடு வந்த பையில் ஒரு நோட்டு இருந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. கேம்பில் அவன் குடும்பத்துக்காகப் பணம் திரட்டியபோது எழுதியது. அதை அவன் மனைவி பீரோவில் புடவைக்கு நடுவே வைத்திருக்கிறார். எடுத்துக் கொடுத்து, "இதுல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணா, எங்களுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியுது" என்றார். பத்து திர்ஹாம், இருபது திர்ஹாம், ஓரிடத்தில் ஐந்து. தமிழில், தெலுங்கில், இந்தியில், மலையாளத்தில், வங்காளத்தில், உருதுவில் பெயர்கள். தமிழை முழுக்கப் படித்தேன். இந்தியைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். மலையாளத்தில் சிலதைக் கண்டுபிடித்தேன். மற்றவற்றுக்கு இது தெலுங்கு, இது உருது என்று மட்டும் சொன்னேன். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் "அவரு யாரு?" என்று அவன் மகள் கேட்டாள். தெரிந்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: இவர் நல்லா பாடுவார், இவருக்கு மூணு பொண்ணு, இவர்தான் உங்கப்பாவுக்குப் பரோட்டா போடக் கற்றுக்கொடுத்தவர். ஐந்து திர்ஹாம் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் அவருக்குச் சம்பளமே வரவில்லை என்பதும் தெரியும். அதை மட்டும் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். உங்கள் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது என்று பட்டது.

அந்தப் பணத்தில் ஒரு பைசா கடனுக்குப் போகவில்லை. மகளின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டிருக்கிறார்கள். மச்சான் பாஸ்புக்கைக் காட்டினார், உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று. காட்ட வேண்டாம் என்றேன், அவர் விடவில்லை.

மீனம்பாக்கம் கார்கோ வாசலில் அந்த மச்சானுக்கு உதவியவருக்கு: நீங்கள் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. சரக்கு ஏற்றி இறக்கும் ஆளா, கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் வேலை செய்பவரா, தெரியாது. சென்னைக்கே முதல்முறை வந்தவர் மச்சான். எந்த ஜன்னலில் எந்தக் காகிதம், விமான நிலையச் சுகாதார அதிகாரி எங்கே இருப்பார், ஆதாரின் நகல் எத்தனை வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கூடவே நடந்திருக்கிறீர்கள். பணம் நீட்டியபோது அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நீலச் சட்டை, வயது ஐம்பது இருக்கும், நெற்றியில் தழும்பு. இதைப் படித்தால் இது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பி, அரசின் அயலகத் தமிழர் துறை ஏற்பாடு செய்த வண்டியில் வந்தவர் நீங்கள். திண்டிவனம், திருவண்ணாமலை, செங்கம் தாண்டி ஊத்தங்கரையில் வண்டியை ஓரம் நிறுத்தி, ஊருக்குப் போன் போடச் சொன்னீர்களாம்: "இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவோம். வீட்ல அம்மாவுக்கும் அக்காவுக்கும் எதையாவது குடிக்கக் குடுங்க. வண்டி வந்தப்புறம் குடிக்க மாட்டாங்க." ரத்த சொந்தம் யாருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியது. அந்த அம்மா அன்று குடித்த ஒரு தம்ளர் நீராகாரம் உங்கள் புண்ணியம்.

பெட்டியின் மேல் ஒரு முனையில் 'தலைப்பக்கம்' என்று கறுப்பு மார்க்கரில் தமிழில் எழுதியிருந்தது. ஏர்வே பில்லும் ஆங்கில ஒட்டுத்தாள்களும் இருந்த இடத்தில் அந்த ஒரு சொல் மட்டும் தமிழ். இதை எழுதியது யார் என்று உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் பெட்டியைத் திறக்க வந்தவர் ஊர்த் தச்சர். அரூரானுக்குச் சின்ன வயதில் உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். வந்து, அந்த எழுத்தைப் படித்து, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஓர் ஆணிகூடத் தெறிக்காமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்திருக்கிறார். கூலி வேலைக்குக்கூட அவ்வளவு நிதானமாக அவர் செய்ததில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். முகம் நன்றாக இருந்தது. தூங்குகிற மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னார். முகைஸ்னாவில் அவனைக் கழுவித் துடைத்து, தலைவாரி அனுப்பியவர்களே, அந்த அம்மா அந்த முகத்தைத்தான் கடைசியாகப் பார்த்தார்.

பிழைக்கப் போனவர்களைப் பிணமாக வாங்கிய வேதனை அரூர் வட்டாரத்துக்குப் புதிதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதில் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த உடல்கள் எந்த நிலையில், எப்படி வந்து சேர்ந்தன என்று அவன் அப்பா சொல்லும்போது குரல் உயரவில்லை, ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எம்பையன் மருவாதயா வந்தான்" என்றார் முடிவில்.

அவனை அவர்கள் நிலத்திலேயே புதைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பல குடும்பங்களில் அப்படித்தான். தாத்தா, பாட்டி, சித்தப்பா எல்லோரும் அந்த ஓரத்தில்தான். காற்று அடித்தால் மரவள்ளி இலை உரசும் சத்தம் கேட்கிற தூரம். கிழக்கே தீர்த்தமலை தெரிகிறது. மழை பெய்திருந்தது, மேட்டைச் சுற்றி அடுக்கிய கற்களுக்கு நடுவே அறுகம்புல் முளைத்திருந்தது. அப்பா கற்பூரம் ஏற்றினார். நான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கைப்பிடி மண் போட்டேன். உங்கள் பெயர்களைச் சொல்லித்தான் போட்டேன், நோட்டில் படித்த வரிசையில்.

பக்கத்தில், வரப்பு முடியும் இடத்தில், ஒரு பழைய நடுகல் நிற்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் இப்படி நடுகற்கள் நிறைந்த பூமி. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி இறந்தவனுக்கு, இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னாருடைய ஆள், இன்ன ஊர்ப் பூசலில் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். செங்கம் பகுதிக் கற்களை இரா. நாகசாமி படித்துத் தொகுக்க, தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அதில் எடத்தனூர்க் கல் பேர் பெற்றது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அரூரான் வீட்டுக் கல்லில் எழுத்து இல்லை, உருவம் மட்டும்தான், அதுவும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி மழுங்கிவிட்டது. ஆனால் இந்தக் கதையை அவன் அப்பாவுக்குச் சொன்னபோது வெகுநேரம் யோசித்தார். "கூட நின்ன நாய்க்கே பேரு போட்டிருக்காங்க. மனுசருங்க நின்னாங்களே, அவங்களுக்கு நாம போடலாந்தானே?" என்று கேட்டார்.

வருகிற மாசியில் வருஷம் வருகிறது. அன்றுதான் கல் வைக்கப்போகிறார்கள். பெயர், தோற்றம், மறைவு என்று மூன்று வரிதான் முதலில் சொல்லியிருந்தார்கள். இப்போது நாலாவதாக ஒரு வரி: 'துபாயில் உடனிருந்தோர் ஊர் சேர்த்தனர்.' எல்லாப் பெயரையும் வெட்ட அப்பாவுக்கு ஆசை. கல் கொள்ளாது என்று கல்தச்சர் சொல்லிவிட்டார். அதற்கு ஈடாக நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

வீடு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். மனைவி ஊருக்குப் பக்கத்தில் தையல் வேலைக்குப் போகிறார். வாரிசுச் சான்றிதழுக்காக அரூர் தாலுகா அலுவலகத்துக்கு அவர் போனபோது, ஓர் ஊழியப் பெண்மணி உட்காரவைத்து, விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, எந்தெந்த நகலோடு திரும்ப வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாராம். அந்த அக்காவுக்கும் இங்கேயே நன்றி. கம்பெனியின் பணிக்கொடை வந்துவிட்டது. காப்பீடு வரவில்லை. இதில் ஒன்று சொல்லியாக வேண்டும். குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்சம் ரூபாய் கிடைப்பது விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோதான். தூக்கத்தில் நின்றுபோன இதயம் அந்தக் கணக்கில் வராது. வெயிலில் இரும்பும் பலகையும் சுமந்து, எட்டுப் பேர் அறையில் அரைத்தூக்கம் தூங்கி, கடனை எண்ணிக்கொண்டே படுத்தவனின் இதயம் நின்றதை அவன் வேலையோடு சம்பந்தமில்லாத சாவு என்று நான் ஏற்க மாட்டேன். இந்த விதியை மாற்ற வேண்டும். பாராளுமன்றத்தில் பேசக்கூடியவர்கள் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், இதைப் பேசுங்கள். உங்களுக்கும் அந்தக் குடும்பத்தின் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் எழுத எனக்கு ஆசை.

மகள் ஆறாவது படிக்கிறாள். கணக்கில் கெட்டி. அவள் சிரிக்கும்போது வாயை மூடுவதில்லை. பற்கள் வெள்ளையாக இருக்கின்றன. அவள் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள். அரூரான் அதைப் பற்றி எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான், வீடியோ காலில் அவளை "ஈ காட்டு" என்பானே, அதைத்தான் நான் நேரில் பார்த்தேன். உங்களில் பலர் அந்தப் பல்லைப் போனில் பார்த்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறாள்.

கடைசியாக, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொன்ன அழைப்பு. மாசியில் கல் வைக்கும் நாளில், லீவில் ஊர் வந்திருப்பவர்கள் வர வேண்டும். முடியாதவர்கள் எப்போது ஊர் வந்தாலும் வர வேண்டும். ரயிலில் வந்தால் மொரப்பூரில் இறங்குங்கள். சென்னை, கோவை வண்டிகள் சில அங்கே நிற்கும். ஸ்டேஷனுக்கு வெளியே அரூர் பஸ் கிடைக்கும். சேலத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் நேர் பஸ் உண்டு. அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தீர்த்தமலை வண்டி பிடிக்க வேண்டும். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. மச்சானின் எண் கரீம்நகர் அண்ணாவிடம் இருக்கிறது, கூப்பிட்டால் பைக்கில் வந்து நிற்பார். தெலுங்கோ இந்தியோ பேசுகிறவர்கள் தயங்காமல் வாருங்கள், நான் மன்னார்குடியிலிருந்து வந்து கூட இருக்கிறேன். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம், ஏனென்றால் அம்மா நாட்டுக்கோழி அடிப்பதாக முடிவு செய்துவிட்டார்.


உங்கள் அறையில் இருந்த மன்னார்குடிக்காரன்